பெட்டிக்குள்ளிருந்து வந்த குரல்

பகையை மறந்துவிடுங்கள் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லாம் சொல்லிவிட்டார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. நான் எதையும் மறந்தவன் இல்லை! அதனால் ஒரு சின்னக் கதையை மட்டும் சொல்லிவிடுகிறேன்... கேளுங்கள்.

ரஷ்யாவில் ஒரு சிறிய ஊர். அங்கே ஓர் இசைநாடக அரங்கம். வசனமே கிடையாது. அழுவதும் பாட்டு, சாவதும் பாட்டு! ஊரே படித்து ஊறிப்போன ஒரு பழைய நாவலை அந்த வருஷம் மேடையேற்றினார்கள். அண்ணன் தம்பி கதை. இருவருக்கும் சண்டை. தம்பி செத்துப்போகிறான். சவப்பெட்டிக்கு முன்னால் நின்று அண்ணன் பாடுகிறான்: "தம்பி... என்னை மன்னித்தாயா?" அந்தக் கடைசிச் சொல் உச்சத்துக்குப் போகவேண்டும். நாடகத்தின் உயிரே அங்கேதான்!

அந்த அண்ணன் வேஷத்துக்காகப் பாடிப் பாடித் தயாரானவன் கிளெப். வேஷம் யாருக்குக் கிடைத்தது? ஆர்செனிக்கு! ஏன்? அவன் அரங்க முதலாளியின் மருமகன். நம் ஊரில் இப்படியெல்லாம் நடக்குமா?... நடக்காது, நடக்காது! கிளெப்புக்கு என்ன கொடுத்தார்கள்? தம்பி வேஷம். வந்ததும் செத்துவிட வேண்டியது, அப்புறம் பெட்டிக்குள் படுத்திருக்க வேண்டியது.

கிளெப் படுத்தான். சந்தோஷமாகப் படுத்தான்! அந்த உச்சம் ஆர்செனிக்கு எட்டாது என்று அவனுக்குத் தெரியும். 'இன்னிக்கு விழுவான்... கண்ணை மூடிக்கிட்டே ரசிக்கலாம்!'

அரங்கம் நிறைந்த கூட்டம். ஆர்செனி பாடினான்... ஏறினான்... "மன்னித்—" குரல் உடைந்தது! வாத்தியக்காரர்கள் என்ன செய்வார்கள், பாவம்? அதே அடியைத் திரும்ப வாசித்தார்கள். ஆர்செனி அழுவதுபோலப் பெட்டிமேல் சாய்ந்து கிசுகிசுத்தான்.

"கிளெப்! காப்பாத்துடா!"

"நான் செத்துட்டேன்."

"மானம் போகுதுடா!"

"போகட்டும். செத்தவனுக்கு என்ன?"

இசை மறுபடியும் அந்த இடத்துக்கு வந்தது... பாட ஆளில்லை... அந்தரத்தில் தவித்து நிற்கிறது... அப்போது எழுந்தது ஐயா, பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல்! அதே மெட்டு, அதே உச்சம். சொல் மட்டும் வேறு. "மன்னித்தேன்!"

முன்வரிசையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் துள்ளி எழுந்தார்: "நாவல்ல தம்பி வாயே திறக்கலையே!" அவர் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்: "சும்மா உட்காருங்க! எழுதினவருக்குத் தோணாதது இவங்களுக்குத் தோணியிருக்கு!" அப்புறம் பாருங்கள் கைதட்டலை... திரை விழுந்தும் ஓயவில்லை!

திரைக்குப் பின்னால் ஆர்செனி ஓடிவந்து கட்டிக்கொண்டான். "கிளெப், நிஜமாவே என்னை மன்னிச்சிட்டியா?"

"உன்னையா? ஜென்மத்துக்கும் மாட்டேன்! அந்தப் பாட்டு சாகுது... அதைக் கேட்டுக்கிட்டு நான் எப்படிடா செத்துக் கிடப்பேன்?"

பார்த்தீர்களா? மன்னிக்கவே இல்லை! ஆனாலும் பாடினான். நண்பர்களே, உங்கள் பகையை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. வைத்துக்கொள்ளுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நீங்கள் வெறுக்கிற மனிதன் ஒரு பொதுக்காரியத்தில் தடுமாறும்போது, பெட்டிக்குள் படுத்துக்கொண்டு சிரிக்காதீர்கள். வேஷம் அவனுடையதாக இருக்கலாம்... பாட்டு நம்முடையது. வாயைத் திறந்து பாடுங்கள்!