லிட்டருக்கு நாலு

– தர மாட்டேன். வாங்க வர்றவருக்கு டீ போட்டுத் தர்றேன், குடிச்சிட்டுக் கிளம்பட்டும். சாவி என் இடுப்புலதான் இருக்கும்.

– விளையாடாதே. ஆள் இப்ப வந்துடுவாரு. இருபத்தஞ்சு வருஷத்து டர்போ கார், லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் தருது. நாலு! லாரி தேவலாம்.

– கம்பெனி குடுத்த புஸ்தகத்துல பத்துன்னு போட்டிருக்கே?

– போடுவான். அவன் வீட்டு பெட்ரோலா? ஞாயித்துக்கிழமை எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர நாப்பது கிலோமீட்டர். டேங்க்கை நிரப்பிட்டுத்தான் கிளம்பறேன். அடுத்த ஞாயிறு பார்த்தா பத்து லிட்டர் போயிருக்கு.

– மீட்டரைப் பார்த்துச் சொல்றீங்களா?

– கிலோமீட்டர் காட்டற மீட்டர் செத்து மூணு வருஷமாச்சு. தூரம்தான் எனக்கு மனப்பாடமாச்சே. வாரம் பூரா நான் ரயில்ல போறேன், அது ஷெட்ல தூங்குது. அப்புறம் எங்க போகுது பெட்ரோல்?

– டர்போவை விரட்டினா குடிக்கத்தான் செய்யும்.

– நான் எங்கடி விரட்டறேன்? அழுத்தி மிதிச்சாத்தான் எழும்புமாம் அந்த டர்போ முள்ளு, என் காலுக்கு எழுந்ததே இல்ல. மெக்கானிக்கும் பார்த்துட்டாரு, எங்கயும் ஒழுகல. டர்போ புதுசாட்டம் இருக்காம். ‘ஓட்டி முடிச்சதும் ஒரு நிமிஷம் இன்ஜினை ஓட விட்டு, சூடு தணிஞ்சப்புறம் ஆஃப் பண்றீங்க போல, நல்ல பழக்கம் சார்’னு பாராட்டு வேற. நானும் தலையாட்டிட்டு வந்தேன்.

– வீட்டு கேட் வர்றதுக்கு முன்னாடியே சாவியைத் திருப்பி இன்ஜினை அணைக்கற ஆளு நீங்க!

– சரி, உனக்கென்ன அது மேல இவ்வளவு பாசம்? ஏறி உக்கார்ந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கறே. பயந்தாங்கொள்ளி!

– பயமா? நீங்க ஓட்டற ஓட்டத்துக்குத் தூக்கம் வருதுங்க.

– வாய் மட்டும் குறைச்சலில்ல. இதை வித்துட்டு, லிட்டருக்கு இருபது தர்ற சின்ன வண்டியா வாங்கலாம். நீகூட ஓட்டக் கத்துக்கலாம்.

– வேணாம். இந்த வீட்ல எதை வாங்கறது, எதை விக்கறதுன்னு எப்பவும் நீங்களேதான் முடிவு பண்ணீங்க. என் தையல் மெஷினை என்னைக் கேக்காம வித்தீங்க, அன்னிக்கு வாயை மூடிட்டு இருந்தேன். இன்னும் வயிறு எரியுது. இந்த வண்டி போகாது. நீங்க குட்டிக்கரணம் போட்டாலும் போகாது.

– பெல் அடிக்குது பார். வந்துட்டாரு. குடு சாவியை.

– கதவைத் திறந்து, விக்கலைன்னு சொல்லுங்க.

– ஏன்னு கேப்பாரே! என்னத்தைச் சொல்ல?

– லிட்டருக்கு நாலு இல்ல, ஏழு தருதுன்னு சொல்லுங்க. நீங்க ரயிலேறினதும் வாரம் ரெண்டு நாள் பைபாஸ்ல அந்த முள்ளைச் சிவப்புக் கோடு வரைக்கும் எழுப்பிட்டு வர்றேனே, அந்த முப்பது கிலோமீட்டரையும் கணக்குல சேர்க்கணும்ல!