படியில் அமரும் நான்கு நிமிடங்கள்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே, ஆலையைத் தாங்கி நிற்கும் பெரியோர்களே, விடியுமுன் எழுந்து வீட்டையே எழுப்பிவிடும் தாய்மார்களே, வணக்கம்! நடந்ததை நடந்தபடியே, என் பிழை உட்பட, உண்மையாகப் பதிவு செய்வேன் என்று உறுதி கூறித் தொடங்குகிறேன்.

என் அம்மா இந்த மருந்து ஆலையில் புட்டி பார்ப்பவர். ஓடும் பெல்ட்டில் ஓயாமல் வரும் கண்ணாடிப் புட்டிகளில் விரிசல் உள்ளதைப் பொறுக்கி எடுப்பவர். எட்டு மணி நேரம்! எட்டு நிமிடம் பாடம் படித்தாலே எனக்குக் கொட்டாவி வருகிறதே, அம்மாவின் கண் எப்படி அயராதிருக்கும்? மனம் எப்படி அலையாதிருக்கும்?

காலையில் செருப்பை மாட்டியதும் அம்மா மாடிப்படியில் நான்கு நிமிடம் சும்மா உட்காருவார். நான் சும்மா விடுவேனா? "அம்மா, என் காம்பஸ் எங்க? அம்மா, ரிப்பன் எங்க? அம்மா, கையெழுத்துப் போடு!" முன்வரிசையில் சிரிக்கிறீர்கள்; உங்கள் வீட்டிலும் இதே கூத்துதான் போலும்!

போன மாதம் சூப்பர்வைசர் ஒரு சோதனை வைத்தார். விரிசல் விட்ட பத்துப் புட்டிகளைச் சொல்லாமல் பெல்ட்டில் கலந்துவிட்டார். அம்மா பிடித்தவை ஏழே ஏழு. மறுவாரம் மறுசோதனை; அதிலும் தவறினால், பதினோரு வருடம் பார்த்த வேலையை விட்டு, அட்டைப்பெட்டி ஒட்டப் போகவேண்டும்.

அன்று மாலை கேட்டேன்: "படியில உட்கார்ந்து என்னம்மா பண்ணுவ?"

"வீட்டை இறக்கி வச்சுட்டுப் போவேன்டி. உன் சளி, உன் மார்க்கு, எல்லாத்தையும். அப்புறம், வர்ற ஒவ்வொரு பாட்டிலும் யாரோ ஒரு பிள்ளைக்குப் போகுதுன்னு நெனச்சுக்குவேன். அப்பதான் கண்ணு அலுக்காது."

"அப்போ நான்தான் கெடுத்தேனா?"

"மூணு பாட்டிலையும் உன் காம்பஸ்தான் முழுங்குச்சு, போ!" என்று சிரித்து என் தலையைக் கோதினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சோதனை நாள் காலை. ரிப்பன் கிடைக்கவில்லை. நான் கத்தவில்லை, கேட்கவில்லை, காலடி ஓசைகூட எழுப்பவில்லை. தலையை விரித்துப் போட்டபடி கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்தி நின்றேன். அம்மா உட்கார்ந்தார். எழுந்தார். போனார்.

அன்று சூப்பர்வைசர் போட்டது பத்து. அம்மா எடுத்தது பதினொன்று!

"நான் பத்துதானேம்மா போட்டேன்?" என்றார் அவர். அம்மா அந்தப் பதினோராவது புட்டியை விளக்குக்கு நேரே திருப்பிக் காட்டினார். அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். யாரும் சோதனைக்காகப் போடாத புட்டி. உண்மையிலேயே ஒரு பிள்ளையின் கைக்குப் போயிருக்கக்கூடிய புட்டி!

சொல்லுங்கள் பெரியோர்களே, அந்த நான்கு நிமிடம் சோம்பலா? உழைப்பு அங்கேயே தொடங்கிவிடவில்லையா? உங்கள் வீட்டில் ஒருவர் வேலைக்குக் கிளம்புமுன் சும்மா உட்கார்ந்தால், அந்தச் சும்மாவைக் கலைக்காதீர்கள்; காவல் காத்து நில்லுங்கள்!

அடடா, நேரம் முடிந்ததென்று மேடை விளக்குகளை அணைத்துவிட்டார்கள்! பரவாயில்லை, கேட்ட செவிகளுக்கெல்லாம் இருட்டில் நின்றே நன்றி சொல்கிறேன். வணக்கம்!