ரன்னிங் இன் முடியாத வண்டி

பழைய வண்டி வாங்கப் போகிறவர் காலையில் போக வேண்டும், சொல்லாமல் போக வேண்டும், போனதும் முதலில் இன்ஜினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை சுட்டால் பேசாமல் திரும்பிவிடலாம். நீங்கள் வருமுன்பே யாரோ அதை உதைத்து எழுப்பிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிக் கிடக்கிற இன்ஜினை எழுப்பும்போதுதான் அதன் வியாதியெல்லாம் வெளியே வரும். மேடம், ஆரம்பத்திலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எனக்குத் தெரிந்து ஆரம்பம் இதுதான்.

நான் பம்பு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வந்த உருப்படியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ கோணலோ இருந்தால் ஒதுக்கி வைப்பது என் வேலை. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள், கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நானும் பின்பக்கத்து ஷெட்டும்தான் மிச்சம். வாலிபத்தில் ஓட்டியதுபோல ஒரு வண்டி மறுபடி ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. பெரிய வண்டி என்றால் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு ஸ்டாண்டு போட முடியாது. சின்ன வண்டியில் நெடுந்தூரம் போனால் கை மரத்துவிடும். நடுத்தர எடையில், இரட்டை சிலிண்டரில் ஒன்று கிடைத்தால் போதும் என்று தேடினேன்.

புரோக்கரை எல்லோரும் ஸ்பீக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். ரகசியம் பேசினாலும் தெரு முழுக்கக் கேட்கும். எந்த வண்டியைக் காட்டினாலும் டாக்டர் ஓட்டிய வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பார் என்பார். இத்தனை டாக்டர்கள் வண்டியை விற்கக் கிளம்பிவிட்டால் நோயாளிகளை யார் பார்ப்பது என்று கேட்டேன். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. மூலையில் தார்ப்பாய்க்கு அடியில் ஒன்று கிடந்தது. தொட்டேன், சில்லென்று இருந்தது.

உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கத்து மிதி நுனி தரையில் தேய்ந்திருந்தது. முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் பைப்பில் மயிரிழை வளைவு. ஹேண்டிலுக்குக் கீழே பெயிண்ட் வெடித்து, அதன் மேலேயே இன்னொரு பெயிண்ட் அடித்திருந்தார்கள். எங்கேயோ பலமாக விழுந்து எழுந்த வண்டி. ஸ்பீக்கர் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தார். நான் அதையே எடுத்துக்கொண்டேன். அடி எங்கே பட்டது என்று தெரிந்துவிட்டால் எதையும் சரி செய்துவிடலாம் என்பது என் எண்ணம்.

வளைந்த ஃபோர்க் பைப்பைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு வேறு போட்டேன். இன்ஜினை முழுதாகப் பிரித்தேன். அப்படி அது பிரிந்து கிடந்த ஒரு நாளில்தான் மகள் முதல் தடவையாகச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஷெட் வாசலில் நின்றாள். துப்பட்டாவை முழங்கை வரை இழுத்து விட்டிருந்தாள். விலக்கிப் பார்த்தேன். பழைய அடி மஞ்சளாகிவிடும், கொஞ்ச நாளானது பச்சையாக இருக்கும், புதியது கருநீலம். அவள் கையில் மூன்றும் இருந்தன. ஒரே நாளில் பட்டதில்லை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு எதுவுமே தெரியாது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அது தவறு. பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரியும்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் அம்மாவுக்கு நானும் ஒன்றிரண்டு தடவை கொடுத்திருக்கிறேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எடுத்துக்கொண்டாளா என்று இனிமேல் கேட்கவும் முடியாது. மகளை நானே பஸ் ஏற்றிவிட்டிருப்பேன். இன்ஜின் வாய் திறந்து கிடந்தது, தூசி விழுந்தால் போச்சு. அதனால் அவளே தெருமுனை வரை நடந்து போய் ஏறிக்கொண்டாள்.

அதன் பிறகு சிலிண்டர்களை லேத்துக்குக் கொடுத்து போர் போட்டேன். அதாவது தேய்ந்துபோன உட்சுவரைக் கடைந்து, அதற்குப் பொருத்தமாகப் புதுப் பிஸ்டன் போடுவது. லேத்காரர் அளந்து கொடுத்ததை நான் மறுபடி அளந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, பொண்ணு பார்க்கிறபோதுகூட இவ்வளவு பார்க்க மாட்டார்கள் சார் என்றார். மாப்பிள்ளை பார்த்தபோது நான் இவ்வளவு பார்க்கவில்லை என்பது உண்மைதான்.

இப்படிச் செய்த இன்ஜினை முதலில் கொஞ்ச நாள் மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். புது இரும்பும் புது இரும்பும் ஒன்றுக்கொன்று உரசி, பழகி, இடம் பிடித்துக்கொள்ளும். அதைத்தான் ரன்னிங் இன் என்கிறோம். அதற்குள் விரட்டினால் பிஸ்டன் சூட்டில் பருத்து சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும், ஓடுகிற வண்டி அப்படியே இறுகி நின்றுவிடும்.

டேங்குக்குப் பெயிண்ட் அடித்த அன்று மகள் இரண்டாம் தடவை வந்தாள். பெயிண்ட் காய்கிற நேரத்தில் ஆள் நடமாடினால் தூசி கிளம்பும் என்பதால் அவளைக் குழாயடியில் உட்காரச் சொன்னேன். அங்கிருந்தே பேசினாள். இந்தத் தடவை மாப்பிள்ளை அவள் முகத்தைக் கதவில் மோதியிருக்கிறார், மேல்வரிசையில் ஒரு பல் போயிருந்தது. புது இன்ஜின் மாதிரிதான் புதுக் கல்யாணமும், ரன்னிங் இன் முடிகிற வரை கொஞ்சம் உரசத்தான் செய்யும் என்று அவளைத் தேற்றினேன். அவள் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். உதட்டில் தையல் போட்டிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

மூன்றாம் தடவை பையோடு வந்தாள். இனிமேல் போக மாட்டேன் என்றாள். இருக்கட்டும் என்று விட்டேன். அந்த வாரம்தான் வண்டி முதல் உதையிலேயே எழுந்தது. மேடம், அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மனைவி இறந்த பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. தினமும் காலையில் கொஞ்ச தூரம், ஐம்பதுக்கு மேல் முள் போகாமல் ஓட்டிவிட்டு வருவேன். மகள் வாசலில் நின்று பார்ப்பாள். ராத்திரி கதவைத் தாழ் போட்டுவிட்டு, போட்டாயிற்றா என்று எழுந்து எழுந்து பார்ப்பாள்.

சனிக்கிழமை மாப்பிள்ளை வந்தார். நன்றாகச் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, பணிவாகத்தான் பேசினார். குடும்பம் என்றால் நாலும் இருக்கும் மாமா, இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பேசிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தார். இதிலேயே அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு நாளைக்குக் கொண்டுவந்து விடட்டுமா என்று கேட்டார். மாப்பிள்ளை வாய்விட்டுக் கேட்டதை இல்லை என்று எப்படிச் சொல்வது?

மகள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"அப்பா, என்னை அனுப்பாதீங்க. அவர் என்னைக் கொன்னுடுவார்ப்பா."

"கோபத்துல எல்லாரும் அப்படித்தாம்மா நினைப்பாங்க. பொறுத்தார் பூமி ஆள்வார். கிளம்பு."

அவள் என் கையைப் பிடித்தாள். கையெல்லாம் கிரீஸ், அதனால் விடுவித்துக்கொண்டேன். வெளியே வந்து மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். ஐம்பதைத் தாண்டக் கூடாது, மேட்டில் திணறவிடக் கூடாது, அவ்வப்போது நிறுத்தி ஆறவிட வேண்டும், என்ன ஆனாலும் ஆக்சிலேட்டரை முறுக்கக் கூடாது. இரண்டு தடவை சொல்லி, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்தேன். மகளையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். இரண்டுக்குமே சொல்லித்தான் அனுப்பினேன்.

மறுநாள் மதியம் லோடு ஆட்டோவில் வண்டி வந்தது. டிரைவரும் மாப்பிள்ளையும் இறக்கினார்கள். கிக்கரை மிதித்துப் பார்த்தேன், இம்மி அசையவில்லை. மாப்பிள்ளைக்கு உள்ளங்கையில் தோல் வழன்றிருந்தது, வேறு காயம் இல்லை. ஆட்டோ போனதும் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"பைபாஸ்ல போய்க்கிட்டிருந்தோம் மாமா. பின்னாடி உக்காந்து அழுதுக்கிட்டே வந்தா. சும்மா பயம் காட்டலாம்னு முறுக்கினேன். திடீர்னு பின்சக்கரம் நின்னுபோச்சு."

"எவ்வளவுல போனீங்க?"

"நூறுக்கு மேல."

"கிளட்சைப் புடிச்சீங்களா?"

பிடிக்கவில்லை என்றார். பிடித்திருந்தால் சக்கரம் விடுபட்டிருக்கும், உருண்டாவது போய் நின்றிருக்கும். மகள் தூக்கியெறியப்பட்டுத் தடுப்புக் கல்லில் விழுந்தாளாம். இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, காலையில்தான் கண் விழித்தாள், இனி நடப்பாளா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. இதையெல்லாம் அவராகத்தான் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஆஸ்பத்திரி நடக்கிற தூரத்தில் இருக்கும்போது, மதியத்திலிருந்து சாயங்காலம் வரை ஏன் இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள் என்று. பதறாத காரியம் சிதறாது, மேடம். என்ன நடந்தது என்று உறுதியாகத் தெரியாமல் ஒருவர் மேல் பழி போடக் கூடாது. ஒருவேளை எண்ணெய்க் குழாய் அடைத்திருந்து, தப்பு என்னுடையதாக இருந்தால்? டேங்கைக் கழற்றிக் கட்டிலில் வைத்துப் போர்வை போர்த்தினேன். மாப்பிள்ளையை விளக்குப் பிடிக்கச் சொன்னேன், பிடித்தார். அதில் குறை சொல்ல முடியாது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைத் தூக்கிவிட்டு எண்ணெய் வழியைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. சிலிண்டர் சுவர் முழுக்க நகத்தால் பிறாண்டியதுபோல் கீறல். பிஸ்டன் ஒரு பக்கம் உருகி ஒட்டியிருந்தது. முறுக்கியதால் வந்தது, வேறு காரணம் இல்லை.

அவரிடம் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"விடுங்க மாமா. பழைய வண்டிதானே. உங்க வயசுக்கு இதெல்லாம் எதுக்கு?"

திறந்திருந்த சிலிண்டர் வாயில் சுத்தமான துணியை அடைத்தேன். உள்ளே எதுவும் தெறித்துவிடக் கூடாது. பிறகு சுவரில் சாய்ந்திருந்த ஃபோர்க் பைப்பை எடுத்தேன். நல்ல கனம், பிடிக்கவும் வாகு. அவர் என்னைவிட உயரம், தலைக்கு எட்டாது என்பதால் முதலில் முழங்காலில் அடித்தேன். சத்தம் வந்தது, உட்கார்ந்துவிட்டார். "என்ன மாமா" என்று கேட்டார், அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. வலது கையைத் தரையோடு காலால் மிதித்துக்கொண்டு, விரல்கள் இனி எதையும் பிடிக்க முடியாத அளவுக்கு அடித்தேன். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவர் மகள் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார், அவளுக்காக விட்டுவிடுங்கள் என்றார். அதன் பிறகு தோள், விலா. கடைசியில்தான் தலை. அவர் ஓய்ந்த பிறகும் கொஞ்சம் அடித்தேன், முகம் இன்னும் சிரிப்பதுபோல இருந்தது. எத்தனை அடி என்று எண்ணவில்லை, பிணத்தை அறுத்த டாக்டர் எண்ணியிருப்பார். எதிர்வீட்டு டெய்லருக்குச் சத்தம் கேட்டதாம். வழக்கம்போல ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாராம்.

மகளை அடித்த கையைத்தான் முதலில் நொறுக்கினேன் என்று போன தடவை உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஃபைலைப் புரட்டிவிட்டு, உங்கள் மாப்பிள்ளை இடது கைக்காரர், உங்கள் மகளுக்குப் பட்டதெல்லாம் இடது கையால் என்றீர்கள். அவர் இடது கையால் சாப்பிடுவது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஆக்சிலேட்டர் எல்லா வண்டியிலும் வலது பக்கம்தான் இருக்கும். அதற்கு மேல் அதில் அர்த்தம் தேட வேண்டாம். ஆத்திரத்தில் எந்தக் கை என்று யார் பார்ப்பார்கள்?

பிறகு சிலிண்டர் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவினேன். சோப்புப் போட்டுக் கைகழுவினேன். உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். உடுப்பெல்லாம் பாழாகியிருந்ததால் ஆஸ்பத்திரிக்கு அப்படியே போக முடியவில்லை.

மகள் என்னைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அப்பா எனக்காகச் செய்யவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றாளாம். வலியில் இருக்கிறாள், என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்வாள். பெற்றவன் மனசு பிள்ளைக்கு எங்கே தெரியும்? நான் கொன்றேன், தெரிந்துதான் கொன்றேன், அவளுக்காகத்தான் கொன்றேன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் நேற்று நான் பதில் சொல்லவில்லை. வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் மாப்பிள்ளை தனியாக வந்து நிறுத்தியிருந்தால், மகள் எங்கே என்று கேட்டிருப்பீர்களா என்றீர்கள். ராத்திரி முழுக்க நேர்மையாக யோசித்துப் பார்த்தேன். கேட்டிருக்க மாட்டேன், மேடம். அவர் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.