கீசருக்கு மாட்டிய சிவப்பு அட்டை

குன்றத்தூரிலிருந்து ஒரகடம் போகும் கம்பெனி பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க வூட்டு கீசருக்கு கம்பெனி சிவப்பு அட்டைய மாட்டிட்டாருக்கா, எங்க வூட்டுக்காரரு."

"மிஷின் கெட்டுப்போனா யாரும் தொடக்கூடாதுன்னு மாட்டுவோமே, அதுவா?"

"அதேதான். குழாயத் தொட்டா சுர்ருன்னு ஷாக்கு அடிச்சுச்சு. ரிப்பேர் பண்ணிக்கலாம்னு நானு, புதுசுதான்னு அவரு. சண்டை. அட்டைய மாட்டிட்டு ஷிப்டுக்குப் போயிட்டாரு. பாப்பாவ குளிப்பாட்டணும், நானே போயி கீசர் சுவிட்சாண்ட நின்னேன். மாட்டுன ஆளுதான் கழட்டணும்னு கம்பெனில பழகிடுச்சா, கை வரலக்கா."

"அப்புறம் இன்னாச்சுடி?"

"மெக்கானிக்கு வந்து தொறந்தான். உள்ள ஒயரு கருகி டேங்குல ஒட்டிகினு கீது. போட்டிருந்தா பாப்பா போயிருக்கும்னான்."



"புதுசு வாங்கிட்டீங்களா?"

"நேத்தே மாட்டியாச்சு."

"அந்த அட்டை?"

"மாதா படத்தாண்ட தொங்குது. இப்ப மாட்டுன ஆளு நானு. அவரே கேட்டாலும் கழட்ட மாட்டேன்."