தலைவர்னு போர்டு வெச்சோம்

அய்யோ, பேய் வேலை இல்லண்ணே, எலும்பு வேலை! பயப்படாதீங்க, கையை நல்லாக் கழுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். இந்தக் குஷனா? அது தனிக் கதை, வரேன் இருங்க. முதல்ல இதைக் கேளுங்க. காலையில இருந்து யாருகிட்டயாவது கொட்டலைன்னா தலையே வெடிச்சிடும்போல இருக்கு எனக்கு.

காதுக்கு உள்ள ஒரு எலும்பு இருக்கு. அட, தடவாதீங்க, வெளியில தெரியாது. கல்லு மாதிரி கெட்டி. மனுசன் செத்து நாலாயிரம் வருஷம் ஆனாலும் அவன் யாரு பெத்த புள்ளைங்கிறது அதுக்குள்ள பத்திரமா இருக்கும். அதைத் தொளச்சு மாவு எடுத்து டிஎன்ஏ பார்க்கிறதுதான் நம்ம பொழப்பு.

சரியா? ஆத்தங்கரையில ஒரு பழைய இடுகாட்டைத் தோண்டினோம். ஒரு குழியில மூணு பேரு. வயசான ஆம்பளை, வயசான பொம்பளை, முப்பது வயசு மதிக்கிற ஒரு பொண்ணு. நடுவுல இத்தனாம்பெரிய கோடாலி. எங்க டைரக்டர் எட்டிப் பார்த்தாரு. ஆஹா, இவரு தலைவரு, அது சம்சாரம், இது செல்லப் பொண்ணுன்னு ஒரே மூச்சுல முடிவு கட்டிட்டாரு. மியூசியத்துல போர்டே வெச்சாச்சுண்ணே! தலைவரும் குடும்பமும்னு! பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வரிசையா வந்து தலைவருக்கு வணக்கம் வெச்சுட்டுப் போச்சுங்க.

இன்னைக்குக் காலையில ரிசல்ட் வந்துச்சு. பொண்ணு அந்த வயசானம்மா பெத்த பொண்ணுதான், அதுல சந்தேகமே இல்ல. தலைவரு? அப்பனும் இல்ல, மாமனும் இல்ல, ஒண்ணுவிட்டது ரெண்டுவிட்டது எதுவும் இல்ல. ரெண்டு பேருக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது!

அதேதான் டைரக்டரும் கேட்டாரு, அந்தம்மாவுக்கு ரெண்டாம் புருஷனா இருக்கும்னு. இருங்க. பக்கத்துக் குழியில மீசை முளைக்கிற வயசுல ஒரு பையன். அவனுக்கு அம்மா யாரு? இந்தப் பொண்ணு. அப்பா யாரு? நம்ம தலைவரு! இப்ப சொல்லுங்க, தலைவரு யாரு? ஆங்! மாப்பிள்ளைண்ணே, மாப்பிள்ளை! அதுவும் வீட்டோட மாப்பிள்ளை! அந்த இடுகாடு முழுக்க அம்மா, மக, பேத்தின்னு பொம்பளைங்க எல்லாம் ஒரே கொடி. கட்டிக்கிட்ட ஆம்பளைங்க அத்தனை பேரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்தவங்க. கோடாலியா? அந்தம்மா தோள் எலும்பைப் பாருங்க, மரம் வெட்டி வெட்டி முறுக்கேறின தோளு. டைரக்டர் மூஞ்சி இருக்கே, அடடா! தானே போய் போர்டைக் கழட்டினாரு.

ஆனா எனக்குப் புடிச்சது அது இல்ல. அந்தக் குழியை மூணு தடவை தொறந்திருக்காங்க, மண்ணைப் பார்த்தாலே தெரியும். முதல்ல போனது பொண்ணு. ரொம்ப வருஷம் கழிச்சு அந்தம்மா. கடைசியாத்தான் நம்ம மாப்பிள்ளை. அப்ப நடுவுல அத்தனை வருஷமும் மாமியாரும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டுல! எப்படியெல்லாம் சண்டை போட்டிருப்பாங்க! அந்தம்மாவுக்கு வாயில ஒரு பல்லு கிடையாது. பல்லு போன இடமெல்லாம் மூடி வழவழன்னு ஆயிருக்கு. அதுக்கப்புறமும் ரொம்ப நாள் இருந்திருக்காங்க. யாரோ மசிச்சுக் குடுத்திருக்கணும்ல? யாருன்னு டிஎன்ஏ சொல்லாது. நான் சொல்றேன், அவன்தான். கட்டி கட்டியா இருக்குன்னு திட்டும் வாங்கியிருப்பான் பாவி.

எப்படித் தெரியுமா? நம்ம கதையும் அதுதானே! ஆமாண்ணே, நானும் வீட்டோட மாப்பிள்ளைதான். சிரிங்க, சிரிங்க. எங்க அத்தை இருக்காங்களே, சூப்புல உப்பு இல்லைம்பாங்க. போட்டா, என்னைக் கொல்லப் பார்க்கிறீங்களாம்பாங்க. ரிமோட்டைத் தலையணைக்கு அடியில வெச்சுக்கிட்டுத்தான் தூக்கமே. போன வருஷம் விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சுது. மச்சான் வந்தாரு. பெத்த மகன் நான் இருக்கேன், அம்மாவை எதுக்கு அடுத்தவன் பார்த்துக்கணும்னு சொல்லி, கார்ல ஏத்திட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன்தான். ஆனா அடுத்தவன்னு சொல்லிட்டாரேண்ணே, அது வலிச்சுது. போய்த் திரும்பக் கூட்டிட்டு வரணும்னு ஆறு மாசமாத் துடிக்கிறேன். எந்த உரிமையில போய்க் கூப்பிடுறது, சொல்லுங்க?

ரிசல்ட்டைப் பார்த்ததும் டைரக்டருக்குக்கூடச் சொல்லலை, முதல்ல அத்தைக்குத்தான் போன் போட்டேன். முழுசும் சொன்னேன். அப்புறமா கேட்டாங்க, ஏன் மாப்ளே, அந்த ஆளு தன்னோட ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லையா? இல்லத்தை, கடைசி வரைக்கும் அங்கயேதான்னேன். அப்ப என்னை மட்டும் எதுக்கு இங்க விட்டு வெச்சிருக்கீங்க, பெட்டியைக் கட்டுறேன், கிளம்பி வாங்கன்னு சொல்லிட்டு டொக்குனு வெச்சுட்டாங்க!

அதான் குஷன். அவங்க இடுப்புக்கு. திரும்பி வர ரெண்டு டிக்கெட்டும் போட்டாச்சு, ஜன்னலோரம் அவங்களுக்கு. இல்லைன்னா நான் உயிரோட ஊரு போய்ச் சேர மாட்டேன்.

டிரைவர், நிறுத்துங்க, நிறுத்துங்க! அதோ, மருந்துக்கடை வாசல்ல பாருங்கண்ணே! பெட்டி மேலயே உக்காந்திருக்காங்க. பக்கத்துல குடை புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு பாருங்க, அவருதான் மச்சான். நான் இன்னும் இறங்கவே இல்ல, அதுக்குள்ள வாட்சைக் காட்டித் திட்டுறாங்க! கொஞ்சம் காலை மடக்கிக்கோங்கண்ணே, வழி விடுங்க.

என்னண்ணே? என் சம்சாரம் கூட வரலையாவா? அவ தவறி நாலு வருஷம் ஆகுதுண்ணே. இதோ வந்துட்டேன் அத்தை!