தக்காளிக்குத் திறக்கும் மலை

தலைமை தாங்கும் முதன்மை மருத்துவர் அவர்களே! புதிய டயாலிசிஸ் பிரிவைத் திறந்துவைத்த மாண்புமிகு அமைச்சர் அவர்களே! பெரியோர்களே! பெற்றெடுத்த தாய்மார்களே! வீங்கிய கால்களோடு மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் என் நோயாளிகளே! உங்கள் அனைவருக்கும் இந்த மருத்துவமனைச் செவிலியின் வணக்கம்.

அமைச்சர் சற்றுமுன் அழகாகப் பேசினார். கடலில்லாத நாடாம் நம் நாடு. மலை சூழ்ந்த மண்ணாம் நம் மண். அண்டை நாட்டுத் துறைமுகத்தில் இறங்கும் மருந்து ஒற்றைக் கணவாயைக் கடந்துதான் வர வேண்டுமாம். அந்தக் கணவாயைப் பனி மூடிவிட்டதாம். "நம்ம நாடு அமைஞ்ச இடம் அப்படி, என்ன பண்றது?" என்று கையை விரித்தார். நீங்களும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை.

பனியா? எந்தப் பனி? நேற்று என் அண்ணியோடு காய்கறிக் கடைக்குப் போனேன். அண்ணிக்கு வாரம் மூன்று முறை இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். அதற்கான திரவம் வராததால் இப்போது ஒரே முறை. தாகமெடுத்தாலும் ஒரு மடக்குக்கு மேல் தண்ணீர் தர முடியாது. கடையில் பளபளவென்று தக்காளி குவிந்து கிடந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "கணவாய் வழியாத்தாம்மா. பக்கத்து நாட்டுக்காரங்க லாரிதான் தினமும் வருதே!" என்றார் கடைக்காரர்.

சிரிக்காதீர்கள் அம்மா, சிரிக்கிற செய்தியா இது? தக்காளிக்குத் திறக்கும் மலை மருந்துக்கு மட்டும் மூடுமா? வியாபாரிக்கு உருகும் பனி நோயாளிக்கு மட்டும் உறையுமா?

நம் மருந்து லாரி ஓட்டுநரைத் தொலைபேசியில் பிடித்தேன். "சிஸ்டர், பனியும் இல்ல, கினியும் இல்ல. எல்லைக் கேட்டுக்கு அந்தப் பக்கமே நிக்கிறேன். தக்காளி வண்டி என்னைத் தாண்டிப் போகுது. நம்ம அரசாங்கம் மேற்கால இருக்கிற நாட்டோட இன்னொரு ரோடு போடப் பேசுச்சுல்ல? துறைமுகம் வச்சிருக்கிற நாட்டுக்காரங்களுக்கு அந்தக் கோபம் தீர்ற வரைக்கும் மருந்து வண்டிய விட மாட்டாங்களாம்!" என்றார்.

மலை வழியைக் குறுக்கியது, மறுக்கவில்லை. அந்தக் குறுகிய வழியில் கதவைப் போட்டது யார்? கதவுக்குப் பூட்டைப் போட்டது யார்? சாவியை ஆட்டிக்காட்டி, நாம் யாரோடு பேசலாம், யாரோடு பேசக்கூடாது என்று மிரட்டுவது யார்? அதைச் சொல்லத் துணிவில்லாமல், வாயில்லாத மலைமேல் பழியைப் போடுவது யார்?

மணி அடிக்கிறீர்களா, தலைவர் அவர்களே? நன்றாக அடியுங்கள். மேடையேறும்போது என் அண்ணியும் கையைப் பிடித்துத் தடுத்தார். "வேணாம்மா, வேலை போயிடும்" என்றார். "வேலை போனா வேற தேடிக்கலாம் அண்ணி. நீங்க போயிட்டா?" என்றேன்.

அமைச்சர் அவர்களே! பத்துப் புது இயந்திரங்களுக்கு ரிப்பன் வெட்டினீர்கள். அவற்றை ஓட்ட ஒரு வாரத்துக்குக்கூடத் திரவம் இல்லை. மலையை நகர்த்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கடலை வெட்டிக் கொண்டுவாருங்கள் என்றும் கேட்கவில்லை. மூடியது மனிதர்கள் என்று இதே மைக்கில் சொல்லுங்கள். மூடியவர்களிடம் உலகம் கேட்க உரக்கக் கேளுங்கள்.

நிகழ்ச்சி நிரலில் என் பெயருக்கு நேரே நன்றியுரை என்று போட்டிருக்கிறார்கள். அந்த லாரி நம் வாசலில் வந்து நிற்கிற அன்று நன்றி சொல்கிறேன். இன்றைக்கு வணக்கம் மட்டும்தான்.