பாத்ரூம் வாசல்

கட்கி நிறுத்தத்தில் ஏறிய அக்காவும் தம்பியும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். பூனாவில் தமிழ் யாருக்குப் புரியும் என்ற தைரியத்தில் உரக்கவே பேசினார்கள். நான் காதைப் பொத்திக்கொள்ளவா முடியும்? தம்பியின் நகக்கண்ணெல்லாம் கறுப்புப் பசை.

"தரைல இருக்கற பசைக்கு ஹேர் டிரையர்ல சூடு காட்டி, பழைய ஏடிஎம் கார்டால சுரண்டறேன்க்கா. பெயிண்ட் தின்னர் ஊத்தினா மரத்தரை பாலிஷும் சேர்ந்து போயிடும்."

"அம்மா காரியம் முடிஞ்ச மறுநாளே இதைச் செய்யணுமாடா?"

"ஓனர் வீட்டைப் பழையபடி கேக்கறார். அம்மா வழுக்கி விழக்கூடாதுன்னு ரப்பர் ஷீட்டை ஒட்டினது நான். நான்தானே எடுக்கணும்?"

"எவ்வளவு மிச்சம்?"

"ஹால் பாதி இருக்கு. பாத்ரூம் வாசல்ல மட்டும் சுரண்ட வேண்டிய வேலையே இல்ல."

"ஏன்?"

"அங்க வரதுக்குள்ள ஷீட் தீந்துடுச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமை வாங்கி ஒட்டிக்கலாம்னு விட்டுட்டேன்."

"அங்கதானேடா அம்மா விழுந்தா?" என்றாள் அக்கா.

"ஆமா. நேத்து ஓனர் வந்து அந்த இடத்தைத்தான் காட்டினார். வீடு முழுக்க இதே மாதிரி பளபளன்னு இருக்கணுமாம்."